செகண்ட் ஹேண்ட் போட்டு வாங்கப் போறீங்களா?

கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தருக்கு திடீர்னு பாய்மரப் படகு ஓட்டுற கிறுக்கு பிடிச்சிருக்கு. பழைய ஹோபி 16 ஒன்னு விலைக்கு வருதாம். "நீ திருவொற்றியூர்க்காரன்தானே, கட்டமரான் வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்னு சொல்லேன்" என்று கேட்டார். கட்டமரான்! நம்ம ஊர் கட்டுமரம் கப்பலேறிப் போய், பேரை மாத்திக்கிட்டு, ரெண்டு காலும் முளைச்சு, ஃபாரின் ரிட்டர்னா வந்து நம்மகிட்டயே விலைக்கு நிக்குது :-)

ரெண்டு கால்னு சும்மா சொல்லலை. வில்லியம் டாம்பியர்னு ஒரு இங்கிலீஷ்காரர், பாதி மாலுமி பாதி கடல் கொள்ளையர், 1697ல் அச்சான தன் பயணப் புத்தகத்தில் சோழமண்டலக் கரையில் இந்த மிதவைக்கு இந்தப் பேர்னு எழுதி வச்சிட்டுப் போனார். அவர் பார்த்தது கட்டின மரம்தான், மரத்தை மரத்தோட சேர்த்துக் கயித்தால கட்டினது. அப்புறம் அந்தப் பேர் எப்படியோ ரெண்டு உடல் வச்ச படகு மேல போய் ஒட்டிக்கிச்சு. ரெண்டு உடல் படகு பசிபிக் தீவுக்காரங்க சொத்து. அமெரிக்காவில் ஹெரஷாஃப் 1876ல் அப்படி ஒன்னு செஞ்சு பந்தயத்தில் விட்டு எல்லாரையும் தோற்கடிச்சார். பரிசு குடுக்கிறதுக்குப் பதிலா, இந்த மாதிரிப் படகே இனி வரக்கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. சரி, வரலாறு போதும், மேட்டருக்கு வருவோம்.

நண்பருக்குப் பதில் சொல்ல எனக்கு ஏதாவது தகுதி இருக்குன்னா அது பெரியம்மா மகனால் வந்தது. அண்ணன் பதினஞ்சு வருஷமா அடுத்தவங்க போட்டில் பங்குக்குப் போறவர். எண்ணெய்ச் செலவு, ஐஸ் செலவு போக மிச்சத்தில் படகுக்கு ஒரு பங்கு, இன்ஜினுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்குன்னு ஓனருக்குப் போனப்புறம்தான் ஆளுக்கு வரும். மரமும் இரும்பும் நூலும் சம்பாதிக்குது, மனுஷன் கடைசியில நிக்கிறான் என்பார். சொந்தமா ஒரு ஃபைபர் போட்டு, பழசா இருந்தாலும் பரவாயில்லைன்னு இந்த வருஷம் முடிவு பண்ணிட்டார். அண்ணியோட ஆறு சவரன் அடகுக்குப் போச்சு. மிச்சம் கைமாத்து. அதனால இது பைக் வாங்குற மாதிரி இல்லை. தப்பான போட்டு அமைஞ்சா நகையும் போகும், பிழைப்பும் போகும், நேரம் சரியில்லைன்னா ஆளும் போகும்.

"பேப்பர் பாக்க நீ வாடா, இன்ஜினியர்தானே" என்று என்னையும் இழுத்துக்கிட்டுப் போனார். நான் படிச்ச இன்ஜினியரிங்கில் நான் பார்த்த ஒரே இன்ஜின் சர்ச் இன்ஜின்னு சொன்னா யார் கேட்கிறாங்க. நாலு ராத்திரி உட்கார்ந்து நெட்டில் கிடைச்ச வழிகாட்டி எல்லாத்தையும் படிச்சேன். ஃபைபர் படகு எங்கே அழுகும், எங்கே பிரியும், எப்படித் தட்டிப் பார்க்கணும், எல்லாம். மூணு ஞாயித்துக்கிழமை, மூணு போட்டு பார்த்தோம். நான் படிச்சதில் முக்கால்வாசி அண்ணன் கட்டைவிரலுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருந்தது. மிச்சம் கால்வாசிக்கு நான் பிரயோஜனப்பட்டேன்.

முதல்ல ஒரு விஷயம். கட்டுமரத்தில் ஒளிச்சு வைக்க இடமே கிடையாது. நாலஞ்சு மரம், கயிறு, அவ்வளவுதான். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரத்தைத் தனித்தனியா மணலில் காயப் போடுவாங்க, தண்ணி குடிச்ச மரம் கனக்கும் என்பதால். ஊரே தினமும் எல்லா மரத்தையும் நாலு பக்கமும் பார்க்கும். எது வெடிச்சிருக்கு, எதுல புழு விழுந்திருக்குன்னு வாங்குறவனுக்கு விக்கிறவன் சொல்ல வேண்டியதே இல்லை. இன்னொன்னு, அது முழுகாது. பன்னெண்டு வயசில் அண்ணன் பெரியப்பாவோட எண்ணூருக்கு நேரா போனப்போ அலை புரட்டிப் போட்டிருக்கு. "மரத்தை விடாத, அவ்ளோதான்" என்று மட்டும்தான் பெரியப்பா சொன்னாராம். ரெண்டு பேரும் அதைத் திருப்பிப் போட்டு ஏறி வந்து சேர்ந்திருக்காங்க.

ஃபைபர் போட்டு அப்படி இல்லை. கண்ணாடி நார்ப் பாய் ஒரு அடுக்கு, மேல ரெசின், மறுபடி பாய், மறுபடி ரெசின். வெளியில பளபளன்னு ஜெல்கோட். அணியத்திலும் பின்பக்கத்திலும் மூடின அறைக்குள்ள ஃபோம் அடைச்சிருப்பாங்க, தண்ணி ஏறினாலும் மிதக்கட்டும்னு. அவுட்போர்டு இன்ஜின் தொங்குற பின்பலகைக்குள்ள பிளைவுட். ஆக, உயிர் காக்கிற ஃபோமும், இன்ஜினைத் தாங்குற பிளைவுட்டும், எல்லாத்தையும் பிடிச்சிருக்கிற அடுக்கும் கண்ணுக்குத் தெரியாது. தெரியறது பெயிண்டு மட்டும்.

முதல் போட்டு காசிமேட்டில். மஞ்சளும் நீலமுமா கல்யாணப் பொண்ணு மாதிரி நின்னுச்சு. பெயிண்டு காஞ்சு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. விக்க வந்த போட்டுக்கு எதுக்கு அண்ணே புதுப் பெயிண்டுன்னு அண்ணன் கேட்டார். "சாமி பேரைச் சொல்லிக் குடுக்கறோம், அழுக்கா குடுக்கலாமா?" என்றார் விக்கிறவர். நல்ல பதில்தான். ஆனா அண்ணன் பேசிக்கிட்டே இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, ஒரு சாவியின் பிடியால் பக்கவாட்டில் ஒரு ஜாணுக்கு ஒரு தட்டு தட்டிக்கிட்டே நடந்தார். டக், டக், டக். நடுவில் ஒரு இடத்தில் 'தொப்'. மறுபடி டக். அடுக்கு ஒன்னோட ஒன்னு ஒட்டியிருந்தா சத்தம் கணீர்னு வரும். பிரிஞ்சிருந்தாலோ தண்ணி புகுந்திருந்தாலோ தலையணையில் தட்டுற மாதிரி வரும். இதுக்கு மெஷினெல்லாம் வேண்டாம், அஞ்சு ரூபாக் காசு போதும். சாக்பீஸ் ஒன்னு நான் கொண்டு போயிருந்தேன். தொப்புன்னு கேட்ட இடத்தையெல்லாம் வட்டம் போட்டேன். கல்யாணப் பொண்ணுக்கு அம்மை போட்ட மாதிரி ஆயிடுச்சு. விக்கிறவர் முகத்தைப் பார்க்கணுமே.

அடிப்பக்கம் கை வச்சுத் தடவினா சின்னச் சின்னக் கொப்புளம். ஜெல்கோட்டைத் தாண்டி உள்ளே போன தண்ணி ரெசினோட வேலை செஞ்சு ஒரு அமிலத் தண்ணியா மாறிக் கோத்துக்கும். ஒன்னு ரெண்டு இருந்தா சுரண்டி, காய வச்சுப் பூசிக்கலாம். மொத்த அடியும் இப்படின்னா விட்டுடணும். ஒன்னைக் குத்திப் பார்க்க அனுமதி கேட்டேன். முறைச்சார், ஆனா விட்டார். ஊசியால் குத்தினதும் பொங்கி வந்த சொட்டில் காடி வாடை. புத்தகத்தில் போட்டிருந்த அதே வாடை! எனக்கு ஒரே சந்தோஷம். பரீட்சையில் படிச்ச கேள்வி வந்த மாதிரி.

அப்புறம் அண்ணன் பின்பக்கம் போய், மேலே தூக்கியிருந்த இன்ஜின் காலைப் பிடிச்சு மேலும் கீழும் அசைச்சார். இன்ஜின் அசையலாம், அது மாட்டியிருக்கிற பலகை அசையக் கூடாது. இதுல பலகை மூச்சு விடுற மாதிரி உள்ளே வெளியே போச்சு. உள்ள இருக்கிற பிளைவுட் ஊறிப்போச்சுன்னு அர்த்தம். போல்ட் போட்ட ஓட்டை வழியாத்தான் தண்ணி போகும். ஓட்டையைச் சுத்தி பழுப்பா ஒழுகின கறை இருந்தா சந்தேகமே வேண்டாம்.

கிளம்புற நேரம் அணியத்துப் பக்கம் ஒரு இடத்தில் பெயிண்டு உரிஞ்சிருந்துச்சு. நகத்தால் லேசா சுரண்டினேன். மஞ்சளுக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே வெள்ளை, வெள்ளை மேல ஒரு தொண்டு நிறுவனத்தோட சின்னம், பாதி. அண்ணன் பார்த்துட்டு, "சுனாமி போட்டு" என்றார். 2004 டிசம்பர் 26க்கு அப்புறம் வந்தவை. கரையெல்லாம் கட்டுமரமும் வலையும் போய் நின்னப்போ நிறைய பேர் ஃபைபர் போட்டு குடுத்தாங்க. கட்டுமரத்திலிருந்து நம்ம கரை மொத்தமா ஃபைபருக்கு மாறினதில் சுனாமிக்குப் பெரிய பங்கு உண்டு. குடுத்தவங்க மனசில் குறை இல்லை. ஆனா ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் வேணும்னா, நேத்து வரைக்கும் தண்ணி டேங்க் ஒட்டினவங்ககூடப் போட்டு ஒட்ட ஆரம்பிச்சா, எல்லாமே நல்லாவா இருக்கும்? பல போட்டு மெல்லிசா, ரெசின் சரியா ஊறாம வந்துச்சு. அந்தக் கால போட்டு இன்னிக்கு வாங்கினா இருபது வயசு தாண்டினது. நல்லா ஒட்டினது இருபது வருஷம் தாங்கும், அதிலும் தப்பில்லை. கண்டுபிடிக்க ஒரு வழி, எங்கேயாவது ஓட்டை போட்டிருப்பாங்க பாருங்க, தண்ணி வடியற ஓட்டை மாதிரி. அதோட விளிம்பைப் பார்த்தா எவ்வளவு தடிமன், எத்தனை அடுக்கு, நார் ரெசினில் ஊறியிருக்கா, வெளுப்பா வறண்டிருக்கா எல்லாம் தெரிஞ்சிடும். மரத்துக்கு வளையம் எண்ணுற மாதிரி.

ரெண்டாவது போட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு இடைச்செருகல். நம்ம பக்கத்துக் கடற்கரைக்குன்னு ஒரு தலையெழுத்து உண்டு. கரையோரமா மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துக்கிட்டே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் மெட்ராஸ் துறைமுகம் கட்டினதும் மணல் அதுக்குத் தெற்கே மாட்டிக்கிச்சு. மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் கரையைத் தின்ன ஆரம்பிச்சுது. வீடு போச்சு, தெரு போச்சு. தடுக்கிறதுக்காகப் பாறாங்கல்லைக் கொட்டினாங்க, தூண்டில் வளைவு கட்டினாங்க. அதனால மணலில் இழுத்து ஏத்தின போட்டுக்கும், கல்லுக்கு நடுவில் நுழைஞ்சு வந்த போட்டுக்கும் காயம் வேற வேற. மணல் போட்டுக்கு அடியில் நீளவாக்கில் ஓடுற ஏரா தேஞ்சிருக்கும், ஜெல்கோட் போய் நார் தாடி மாதிரி தெரியும். கல் போட்டுக்குப் பக்கவாட்டில் சிலந்தி வலை மாதிரி விரிசல் இருக்கும். வெளியில சின்ன நட்சத்திரம் தெரிஞ்சா உடனே உள்ளே போய் அதே இடத்தைப் பாருங்க. உள்ளேயும் வெளுப்பாத் தெரிஞ்சா அடி அடுக்கையே தாண்டியிருக்கு. அந்த போட்டு எந்தக் குப்பத்தில் வாழ்ந்ததுன்னு கேட்டா, முதல்ல எங்கே குனியணும்னு தெரிஞ்சிடும்.

ரெண்டாவது போட்டு திருவொற்றியூர் குப்பத்தில். உடம்பு அருமை. தட்டின இடமெல்லாம் கணீர். பக்கவாட்டில் ரெண்டு விரிசல், ரெண்டும் மேலோட்டம். அண்ணன் முகத்தில் சிரிப்பு வந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் என் முறை, பேப்பர்.

போட்டு மேல எழுதியிருக்கிற நம்பர் ஐ.என்.டி., டி.என்.னு ஆரம்பிக்கும், அப்புறம் மாவட்ட எண். அதுக்கடுத்து வர்ற ரெண்டு எழுத்தைக் கவனிங்க. பெரிய விசைப்படகுக்கு எம்.எம்., இன்ஜின் மாட்டின நாட்டுப் படகுக்கு எம்.ஓ. போட்டில் இருக்கிற நம்பரும், பதிவுச் சான்றிதழில் இருக்கிற நம்பரும், இன்ஜின் நம்பரும் ஒத்துப் போகணும். மீன்வளத் துறையில் பேர் மாத்தாம வாங்கினா, வாங்கினது நீங்க, ஓனர் அவர். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. வரிவிலக்கு டீசல் அந்தப் பதிவுக்குத்தான் கிடைக்கும். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் நாட்டுப் படகுக்கு வருஷத்துக்கு 4,000 லிட்டரா இருந்ததை 4,400 லிட்டரா ஏத்தி அறிவிச்சாங்க. அது இல்லாம வெளி பங்க்கில் டீசல் போட்டுத் தொழில் பண்ணினா கட்டுப்படியாகாது. கடலோரக் காவல் நிறுத்திக் கேட்டாலும் காட்டறதுக்கு அதுதான். அப்புறம், போட்டோ இன்ஜினோ மானியத்தில் வாங்கினதான்னு கேளுங்க. அப்படி வாங்கினதை விக்கிறதுக்கு நிபந்தனை இருக்கும்.

இந்தப் போட்டுக்குச் சான்றிதழ் ஒருத்தர் பேரில், விக்கிறவர் இன்னொருத்தர். "மச்சான் பேர்லதான் கீது, அவன் கையெழுத்துப் போட்ருவான்" என்றார். மச்சான் எங்கேன்னு கேட்டா வெளிநாட்டில். சரி, அதையாவது எப்படியாவது சமாளிக்கலாம்னு வைங்க. டீக்கடையில் இருந்த ஒரு பெருசுதான் அண்ணன்கிட்ட மெதுவா விஷயத்தைச் சொன்னார். அந்த போட்டு மேல ஏலக்காரர் பணம் நிக்குதாம். இது வெளியாளுங்களுக்குப் புரியாது, அதனால கொஞ்சம் விளக்கிடறேன். போட்டுக்கும் வலைக்கும் மீன் ஏலம் விடுறவர்கிட்ட முன்பணம் வாங்குவாங்க. வட்டி கிடையாது. பதிலா, கடன் தீர்ற வரைக்கும் பிடிக்கிற மீனை அவர் மூலமாத்தான் விக்கணும், அவர் கமிஷன் எடுத்துக்குவார். எந்தப் பேப்பரிலும் இது இருக்காது, எந்த வெப்சைட்டிலும் தேடி எடுக்க முடியாது. ஆனா ஊருக்கே தெரியும். போட்டு கை மாறினாலும் அந்தக் கடன் போட்டோடவே வரும்னு பஞ்சாயத்தில் சொல்லிட்டா அண்ணன் பிடிக்கிற முதல் மீனே அடுத்தவர் கையில்.

நெட்டில் படிச்ச நாற்பது பாயிண்டில் இது இல்லவே இல்லை. வாங்குறதுக்கு முன்னாடி ஊர் நிர்வாகிங்க முன்னாடி "இந்த போட்டு மேல யாருக்காவது பாக்கி உண்டா"ன்னு கேட்டு, இல்லைன்னு அவங்க வாயால் வாங்கிக்கணும். பதிவுச் சான்றிதழ் அளவுக்கு இதுக்கும் மதிப்பு உண்டு, சில சமயம் அதுக்கு மேலயே. நல்ல உடம்பு, விட மனசு வரலை. ஆனா அண்ணன் திரும்பிப் பார்க்காம நடந்துட்டார்.

மூணாவது, எண்ணூர் தாழங்குப்பம் பக்கம். பார்த்ததும் எனக்குப் பிடிக்கலை. இடுப்பு வரைக்கும் கருப்பா, தாரைக் காய்ச்சித் தடவின மாதிரி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து வந்து முகத்துவாரத்தையே மூடினது ஞாபகம் இருக்கும். அரசாங்கம் அப்போ 787 படகுக்குத் தலா 10,000 ரூபா நிவாரணம் அறிவிச்சுது. வலையும் கயிறும் நாசமானவங்களுக்கு அது எந்த மூலைக்கு? எண்ணூருக்கு எண்ணெய் புதுசும் இல்லை. 2017 ஜனவரியில் ரெண்டு கப்பல் மோதினப்போ பக்கெட்டால் அள்ளிக் கொட்டினதை ஊரே பார்த்தது.

விக்கிறவர் எதையும் மறைக்கலை. "இன்னா தம்பி பாக்கற, எண்ணெதான். மண்ணெண்ணெ போட்டுத் தேச்சாலும் போவல. பெயிண்டு அடிச்சிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்காது, அடிக்கல" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே அண்ணன் பாதி விழுந்துட்டார்னு நினைக்கிறேன். நான் விடலை, சாவியை வாங்கித் தட்ட ஆரம்பிச்சேன். கறை ஜெல்கோட்டோட நிக்குது, உள்ளே போகலை. சத்தம் எல்லா இடத்திலும் கணீர். ஏரா முன்பக்கம் ஒரு முழத்துக்குத் தேஞ்சு நார் தெரியுது. ஆனா பின்பலகை? இன்ஜின் காலை அசைச்சதும் கொஞ்சமா மூச்சு விட்டுச்சு.

இன்ஜினில் அண்ணன் செஞ்ச முதல் வேலை அதைத் தொட்டுப் பார்த்தது. ஸ்டார்ட் பண்ணலை, கையை வச்சுப் பார்த்தார். சில்லுன்னு இருந்துச்சு. வாங்குறவன் வர்றதுக்கு அரைமணி முன்னாடியே ஓட்டி சூடாக்கி வச்சா எந்த மக்கர் இன்ஜினும் ஒரே இழுப்பில் பிடிச்சுக்கும். சில்லுன்னு இருக்கிற இன்ஜின் எத்தனை இழுப்பில் பிடிக்குதுங்கறதுதான் கணக்கு. மூணாவது இழுப்பில் பிடிச்சுது. குளிர வைக்கிற தண்ணி பின்னாடி பீச்சி அடிச்சுது, நின்னு நின்னு வரலை. கியர் ஆயிலைக் கொஞ்சம் வடிய விட்டோம். பால் மாதிரி வெளுப்பா வந்தா உள்ளே கடல் தண்ணி போயிருக்குன்னு அர்த்தம், சீல் போச்சு. கருப்பாதான் வந்துச்சு. மூடியைக் கழட்டி உள்ளே உப்புப் பூத்திருக்கான்னு பார்த்தோம். ஒரு வெள்ளத்தில் முழுகி எழுந்த இன்ஜினா இருந்தா அங்கே தெரிஞ்சிடும். "தூக்கி மாடியில வச்சிட்டேன் தம்பி, ஊட்டுச் சாமானைக்கூட அப்பால தான் தூக்கினேன்" என்றார். நம்பலாம்னுதான் தோணுச்சு. லாங் டெயில் டீசல் வச்ச போட்டா இருந்தா நீள ஷாஃப்டைக் கையால் சுத்தி, வளைவு இருக்கா, புஷ் ஆடுதான்னு பார்க்கணும்.

கடைசியா ஃபோம். இது ஊறியிருந்தா வெளியிலிருந்து கண்டுபிடிக்கிறது கஷ்டம். ஊறின ஃபோம் மிதக்க வைக்காது, கூடவே சேர்ந்து இழுக்கும். போட்டு கவுந்தா இன்ஜின் கனத்தில் பின்பக்கம் கீழே போய், பிடிச்சுக்க முனை மட்டும் நிக்கும், சில சமயம் அதுவும் நிக்காது. எடை போட்டுப் பார்க்க வழி இல்லை, முப்பதடி போட்டை எந்தத் தராசில் வைக்கிறது? அண்ணன் விக்கிறவரைக் கேட்கலை. அந்த போட்டைத் தினமும் தள்ளுற பசங்களைப் போய்க் கேட்டார். "முன்ன எத்தினி பேர் தள்ளுவீங்க, இப்ப எத்தினி பேர்?" பசங்க யோசிச்சு, முன்ன எட்டு, இப்பவும் எட்டுதான்னு சொன்னாங்க. பத்து பன்னெண்டுன்னு சொல்லியிருந்தா தண்ணி குடிச்ச போட்டு. இதைவிட நல்ல எடை மெஷினை நான் எங்கேயும் படிக்கலை. இருந்தாலும் மனசு கேட்காம, முனையைத் தூக்கி வச்சு வடிகால் அடைப்பைத் திறந்துட்டு வந்தோம். மறுநாள் காலையில் ஆபீஸ் போறதுக்கு முன்னாடி நானே போய்ப் பார்த்தேன். கீழே மணல் காஞ்சு கிடந்துச்சு.

கேட்டது வலையோட சேர்த்து 2,40,000. ஏரா தேய்மானம், பின்பலகை ரெண்டையும் காட்டிக் குறைக்கச் சொன்னோம். கறையைக் காட்டிக் குறைக்கலாம்னு நான் சொன்னப்போ அண்ணன் தனியா கூப்பிட்டு, "அது அவர் பண்ணினதில்லடா" என்றார். அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. 1,95,000க்கு முடிஞ்சுது. மார்ச்சில் பார்த்திருந்தா இந்த விலைக்குக் கிடைச்சிருக்காது. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு நிக்கும், நாட்டுப் படகு போகலாம், மீன் நல்ல விலைக்குப் போகும். அந்த நேரத்தில் யாரும் ஃபைபர் போட்டை விட மாட்டாங்க.

இப்போ ஹோபி நண்பருக்கு. ஹோபி ஆல்டர்னு கலிபோர்னியாவில் அலைப்பலகை செஞ்சுக்கிட்டிருந்தவர் 1970ஐ ஒட்டிக் கொண்டு வந்த படகு அது. பதினாறரை அடிக்குக் கொஞ்சம் மேல, சுமார் 145 கிலோ. கரையிலிருந்தே இறக்கலாம், கரையிலேயே ஏத்தலாம். அந்த வகையில் நம்ம கட்டுமரத்துக்கு ஒரு தூரத்துப் பங்காளி. ரெண்டு உடம்பும் ஃபைபர், நடுவில் ஃபோம் வச்ச சாண்ட்விச். ஆகவே வியாதியும் அதேதான் சார். பாய்மரம் நிக்கிற குறுக்குச் சட்டத்துக்கு முன்னாடி, உடம்போட மேல்பக்கத்தைக் கட்டைவிரலால் நல்லா அழுத்துங்க. அமுங்கினா அடுக்கு பிரிஞ்சு போச்சு, எவ்வளவு மலிவாக் குடுத்தாலும் வேண்டாம். காசால் தட்டிக்கிட்டே போங்க. அடிப்பக்கம் தேஞ்சிருக்கும், அதுக்கு நடுப்பலகை கிடையாது, மணலில் நேரா ஏறுற படகு. வடிகால் ஓட்டை வழியா வாயால் மெதுவா ஊதிக்கிட்டே வெளியில சோப்புத் தண்ணி தடவினா எங்கே குமிழி வருதோ அங்கே ஒழுகும். கம்ப்ரஸர் வச்சு ஊதிடாதீங்க, வெடிச்சிடும். நடுவில் கட்டியிருக்கிற வலைத் துணியோட தையலைப் பிடிச்சு இழுங்க, வெயிலில் நூல் மக்கியிருக்கும். பாய்மரத்தைப் பிடிச்சிருக்கிற கம்பி வடத்தில் ஒரே ஒரு இழை விட்டிருந்தாலும் எல்லாத்தையும் மாத்திடுங்க. அப்புறம் அந்தப் பாய்மரம் அலுமினியம், மின்சாரம் பாயும். மேலே போற கம்பியில் பட்டு ஆளுங்க செத்ததுக்கப்புறம்தான் நுனியை மட்டும் மின்சாரம் கடத்தாத பொருளில் பண்ண ஆரம்பிச்சாங்க. பழைய படகுன்னா நுனியைக் கேட்டுப் பாருங்க. எப்படி இருந்தாலும் எங்க எண்ணூர்ப் பக்கம் பாய் விரிச்சுக்கிட்டு வந்துடாதீங்க, கழிமுகத்துக்கு மேல அனல் மின் நிலையத்து உயரழுத்தக் கம்பிதான்.

அண்ணன் போட்டோட பின்பலகையைப் போன வாரம் அறுத்துப் பிரிச்சோம். உள்ளே பிளைவுட் கீழ்ப்பாதி ஊறவச்ச பிஸ்கட் மாதிரி கையோட வந்துச்சு, மேல்பாதி நல்லா இருந்துச்சு. ஒட்டுற மேஸ்திரி மொத்தத்தையும் எடுத்துட்டு கடல் தண்ணிக்குத் தாங்குற புதுப் பலகை வச்சு மூணு அடுக்குப் போட்டிருக்கார். எல்லாம் சேர்த்து 21,000 ரூபா ஆச்சு. இந்தத் தடவை போல்ட் ஓட்டை ஒவ்வொன்னையும் ரெசினால் அடைச்சு, காஞ்சப்புறம் மறுபடி துளை போடச் சொல்லி நான் பக்கத்திலேயே நின்னேன். மேஸ்திரிக்கு என் மேல கொஞ்சம் கடுப்புதான். பேர் மாத்துறதுக்கு மனு குடுத்தாச்சு. ஏராவில் இன்னும் ஒரு அடுக்கு பாக்கி, மழை பிடிக்கறதுக்கு முன்னாடி அதுவும் காயணும். கருப்புக் கறை மேல என்ன கலர் அடிக்கறதுன்னு அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவில் பேச்சுவார்த்தை போய்க்கிட்டிருக்கு.